ஏ.க்யூ., ராட்ஸ்-ஆர், கேட்-க்யூ: ‘எனக்கு ஆட்டிசமா?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கான மூன்று இலவசக் கேள்வித்தாள்கள்

வேலை, குடும்பம் என்று ஓடிக்கொண்டிருக்கும் வயதில் ‘எனக்கு ஆட்டிசம் இருக்குமோ’ என்று தோன்றி இணையத்தில் தேடுகிறவர் கையில் முதலில் கிடைப்பவை இந்த மூன்றும்தான். மூன்றுமே இலவசம். மூன்றும் ஆங்கிலத்தில் உருவானவை. மூன்றும் கடைசியில் ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போனால் அதிகம் நடக்காது; அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஓர் உதாரணத்தை எழுதிக்கொண்டு போனால் இதே தாள்கள் பெரிய உதவியாக இருக்கும். மூன்றில் எது எதற்கு உதவும், எங்கே தவறாக வழிகாட்டும் என்பதை அந்தப் பார்வையிலேயே இங்கே எழுதியிருக்கிறது.

ஏ.க்யூ. (AQ, Autism Spectrum Quotient) 2001-இல் கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹென் என்ற உளவியலாளரின் குழு வெளியிட்டது. 50 வாக்கியங்கள். சமூகத் திறன், கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, நுணுக்கங்களைக் கவனிப்பது, உரையாடல், கற்பனை என்று ஐந்து பகுதிகளுக்குப் பத்துப் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்: முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு மறுக்கிறேன், முழுக்க மறுக்கிறேன். பலருக்குத் தெரியாத ஒன்று, ‘முழுக்க’ என்றாலும் ‘ஓரளவு’ என்றாலும் மதிப்பெண் ஒன்றுதான். எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பது மட்டுமே கணக்கு. சரியான விடை எது என்று ஒரே கேள்வியில் கால் மணி நேரம் நின்றுவிடுகிறவர்கள் இந்தத் தாளைத் தேடி வருகிறவர்களில் நிறையப் பேர். அவர்கள் முதலிலேயே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

50-க்கு 32 அல்லது அதற்கு மேல் என்பது அந்தக் குழுவின் ஆய்வு வைத்த கோடு. ஆட்டிசம் உறுதியானவர்களில் 80 சதவீதம் பேர் அந்தக் கோட்டைத் தொட்டார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த பொதுமக்களில் 2 சதவீதம் பேர்தான் தொட்டார்கள். பொதுமக்களின் சராசரி 16.4. கேட்க அழகாக இருக்கும் இந்த இடைவெளியை அப்படியே நம்ப முடியாது. அங்கே ஒப்பிட்டது ஏற்கெனவே உறுதியானவர்களையும், எந்தச் சந்தேகமும் இல்லாத பொதுமக்களையும். சந்தேகத்தோடு வருகிற நீங்கள் இந்த இரண்டு கூட்டத்திலும் இல்லை. கடுமையான சமூகப் பதற்றம் உள்ளவரும், ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் மிகைத் துறுதுறுப்பும்) உள்ளவரும் சந்தேகத்தோடு வருகிறவர்கள்தான். அவர்களுக்கும் இந்தத் தாளில் எண் ஏறும். கோடு பொதுமக்களிடம் பிரிக்கிற அளவுக்கு மருத்துவமனை வாசலில் பிரிக்காது.

தாளுக்கு வயதும் ஆகிவிட்டது. தொலைபேசி எண்களை மனப்பாடமாக வைத்திருப்பது பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. எல்லா எண்ணும் கைபேசிக்குள் போய்விட்ட காலத்தில் அதற்கு என்ன பதில் சொல்வது? பேருந்துத் தட எண், பி.என்.ஆர்., வண்டி நம்பர், ஊழியர் எண் என்று உங்கள் மனத்தில் தானாக ஒட்டிக்கொள்கிற எண்களை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். நாடகத்துக்குப் போவதா, அருங்காட்சியகத்துக்குப் போவதா என்ற கேள்வி நம்மில் பலருக்கு இரண்டு பக்கமும் பொருந்தாது. ஆட்கள், கதை, உணர்ச்சி ஒரு பக்கம்; பொருட்கள், தகவல், தனிமை இன்னொரு பக்கம். கேட்பது அவ்வளவுதான். பார்ட்டியா நூலகமா என்ற கேள்வியும் இப்படியே. நம் ஊரில் வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் போவது விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. போகாவிட்டால் பேச்சு வரும். ஆகவே ‘போகிறேனா’ என்று பார்க்காதீர்கள். போகாவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று பாருங்கள்.

நேரமே இல்லை என்பவர்களுக்கு 2012-இல் வந்த பத்துக் கேள்விச் சுருக்கம் இருக்கிறது. 6 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு சொல்கிறது. இரண்டு நிமிட வேலை. ஆனால் மருத்துவரிடம் கொண்டுபோக எதுவும் மிஞ்சாது.

ராட்ஸ்-ஆர்தான் (RAADS-R) மூன்றில் பெரியது. 2011-இல் ரிட்வோ குழு வெளியிட்ட இதில் 80 வாக்கியங்கள்: சமூக உறவு 39, உணர்புலனும் (ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணர்வது) உடலசைவும் 20, குறுகிய ஆழ்ந்த ஈடுபாடுகள் 14, மொழி 7. இதன் சிறப்பு விடைகளில் இருக்கிறது. ‘இப்போதும் உண்மை, சிறுவயதிலும் உண்மை’, ‘இப்போது மட்டும்’, ‘16 வயதுக்கு முன் மட்டும்’, ‘எப்போதும் இல்லை’. காலத்தைக் கேட்கிற தாள் மூன்றில் இது ஒன்றுதான். ஆட்டிசம் பிறவியிலிருந்தே வளர்ச்சியோடு வருவது என்பதால் காலத்தைக் கேட்பது மிகச் சரி.

மதிப்பெண் போடும் இடத்தில்தான் இது சறுக்குகிறது. முதல் விடைக்கு 3, ‘இப்போது மட்டும்’ என்பதற்கு 2, ‘16-க்கு முன் மட்டும்’ என்பதற்கு 1, கடைசிக்கு 0. (இயல்பான நடத்தையைச் சொல்லும் சில வாக்கியங்களுக்கு இது தலைகீழ்.) மொத்தம் 240, கோடு 65. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரி வரை சகஜமாக இருந்த ஒருவர் கடந்த மூன்று ஆண்டுகளாக மனச்சோர்விலோ வேலைச் சுமையிலோ உடைந்துபோய், ஆட்களைத் தவிர்க்கிறார், சத்தம் தாங்கவில்லை, பேச்சு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 33 வாக்கியங்களுக்கு அவர் ‘இப்போது மட்டும்’ என்று குறித்தால் 66. கோட்டைத் தாண்டியாயிற்று, சிறுவயதில் ஓர் அடையாளமும் இல்லாமல். பிரிட்டனில் ஆட்டிச மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்ட பெரியவர்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உறுதியானவர்களும் இல்லை என்று முடிவானவர்களும் பெரும்பாலும் 65-க்கு மேலேயே இருந்தார்கள். எண் அவர்களைப் பிரிக்கவில்லை. இந்தத் தாளை உருவாக்கியவர்கள் இதை மருத்துவர் கூட இருக்கும்போது நிரப்ப வேண்டிய ஒன்றாகத்தான் வைத்தார்கள்; கேள்வி புரியாதபோது கேட்டுத் தெளிந்துகொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக. இணையத்தில் தனியாகச் செய்யும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

ஆகவே மொத்தத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: கேள்வி எண், 16 வயதுக்கு முன் நடந்த ஒரு சம்பவம், இந்த ஆண்டில் நடந்த ஒரு சம்பவம், இப்போது எப்படிச் சமாளிக்கிறேன். முதல் சம்பவப் பத்தி காலியாகவே போய்க்கொண்டிருந்தால் அது முக்கியமான தகவல். இரண்டும் நிரம்பினால் அதுவும் முக்கியமான தகவல். உணர்புலன் பகுதியின் இருபது கேள்விகளுக்கு நம் வீடுகளில் உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. குக்கர் விசிலுக்கு முன்பே காதைப் பொத்துவது, எவர்சில்வர் தட்டு விழுந்தால் கை நடுங்குவது, பட்டுப்பாவாடை ஜரிகை உறுத்துகிறது என்று கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று அழுதது, சோறும் குழம்பும் தட்டில் ஒன்றோடொன்று தொடக்கூடாது என்பது, ட்யூப்லைட் ரீங்காரத்தில் படிக்க முடியாமல் போவது. ‘சத்தம் பிடிக்காது’ என்று எழுதினால் பயன் இல்லை, யாருக்குத்தான் பிடிக்கும்? எந்தச் சத்தம், அப்போது என்ன செய்தீர்கள், பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள். அந்த மூன்றாவது விவரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தாளில் தமிழர்கள் கட்டாயம் தடுக்கி விழும் ஒரு கேள்வி இருக்கிறது: உரையாடும்போது சினிமா, தொலைக்காட்சி வசனங்களை அடிக்கடி பயன்படுத்துகிறீர்களா? வடிவேலு வசனம் இல்லாமல் ஒரு நாள் நகராத ஊரில் இதற்கு ‘ஆம்’ என்று எல்லாருமே குறிக்கலாம். கேட்பது வேறு. சொந்த வாக்கியம் வராத இடத்தில், கேட்ட வாக்கியத்தை அதே குரல் ஏற்ற இறக்கத்தோடு எடுத்து வைப்பதுண்டா? சுற்றி இருப்பவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோதும், சிரிப்பதற்கு இல்லாதபோதும் அப்படி நடக்கிறதா? அப்படியானால்தான் ‘ஆம்’.

கேட்-க்யூ (CAT-Q) 2019-இல் லாரா ஹல் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்டது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. ஆகக் குறைந்தது 25, ஆக அதிகம் 175. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கும் தாள் இல்லை. ஆட்டிசத்தை வெளியே தெரியாமல் மறைக்க ஒருவர் எவ்வளவு உழைக்கிறார் என்பதை அளப்பது. மூன்று பகுதிகள். ஒன்று, ஈடுகட்டுவது: எப்படிப் பேச வேண்டும் என்று மற்றவர்களைப் பார்த்தும், தொடர்களைப் பார்த்தும் படித்து ஒப்பிப்பது. இரண்டு, முகமூடி: முகபாவம், கையசைவு, கண் பார்வை எல்லாவற்றையும் சாதாரணமாகத் தெரியும்படி கண்காணித்துக்கொண்டே இருப்பது. மூன்று, கூட்டத்தோடு கலப்பது: வலுக்கட்டாயமாக உள்ளே போய் நடிப்பது.

நண்பர்களும் வேலையும் திருமணமும் இருப்பதாலேயே ‘உனக்கெல்லாம் இருக்காது’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மூன்றில் மிகப் பயனுள்ளது இதுதான். அந்த ஆய்விலேயே ஆட்டிசம் உள்ள பெண்களின் சராசரி அதே நிலையிலுள்ள ஆண்களைவிட அதிகம். ஆனால் ஆட்டிசம் இல்லாதவர்களும் இதில் குறைவாக எடுக்கவில்லை. அவர்கள் சராசரியே 90-ஐ ஒட்டி வந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மனிதர்கள் எல்லாருமே கொஞ்சம் நடிக்கிறார்கள். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு இது பாடமாகவே நடக்கிறது: விருந்தாளி வந்தால் சிரித்த முகமாக வா, காபி கொடு, கேட்டதற்குப் பதில் சொல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ஆகவே கேட்-க்யூ நிரப்பும்போது செய்தீர்களா என்பதோடு நிற்காமல் அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். விருந்தாளி போனதும் அடுக்களையில் உட்கார்ந்து அவர்களைப் பற்றியே அரட்டை அடிக்க முடிகிறதா? அல்லது கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் மதியம் வரை யாருடனும் ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடக்கிறீர்களா? சொன்ன பதில்களை இரவு முழுக்க மனத்தில் ஓட்டிப் பார்க்கிறீர்களா? மருத்துவருக்கு வேண்டியது அந்த விவரம்.

நட்பைப் பற்றி ஏ.க்யூ.வும் ராட்ஸ்-ஆரும் கேட்கின்றன, இரண்டும் கொஞ்சம் மோசமாகவே கேட்கின்றன. புதிய நண்பர்களைப் பிடிப்பது கடினமா, நண்பர்களைச் சேர்ப்பது எப்படி என்பதே புதிராக இருக்கிறதா என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ‘எனக்கு நண்பர்கள் இருக்கிறார்களே’ என்று பலர் அங்கேயே ‘இல்லை’ குறித்துவிடுகிறார்கள். நட்பின் எண்ணிக்கையை விட்டுவிட்டு அது எப்படி ஓடியது என்று பாருங்கள். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததால் வந்த நட்பு, பெஞ்சு போனதும் போய்விட்டதா? ஒரே வேனில் போனவர், ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவர் என்று இடம் கட்டிக்கொடுத்த நட்புகள் மட்டும்தான் நடந்தனவா? முதலில் கூப்பிடுவது எப்போதும் அவர்தானா? ஏன் பேசுவதை நிறுத்தினார் என்று இன்றுவரை தெரியாத நண்பர் உண்டா? வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் படித்துவிட்டு, எந்த இடத்தில் நுழைவது என்று தெரியாமல் பதிலே போடாமல் இருப்பதுண்டா? மூன்று பேர் சேர்ந்தால் பேச்சின் சரடு நழுவி, இருவராக இருக்கும்போது மட்டும் நன்றாகப் பேச வருகிறதா? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆழமான, நீண்ட நட்புகள் இருக்கின்றன. சதுரங்கம், ரயில், கர்நாடக சங்கீதம், கணினி நிரல் என்று ஒரே ஈடுபாட்டைப் பகிர்ந்துகொள்ளும் நட்பு பல ஆண்டுகள் நிற்கும். அது இருப்பதால் மருத்துவர் ஆட்டிசத்தை மறுக்க முடியாது; அதை மறைக்கத் தேவையும் இல்லை. அந்த நட்பில் பேச்சு எதைப் பற்றி மட்டும் ஓடுகிறது, அவருடைய வீட்டுக் கஷ்டத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றியதா என்பதையும் எழுதுங்கள்.

மொழிச் சிக்கல் ஒன்று. இந்தத் தாள்களை உலாவியில் தானியங்கித் தமிழாக்கத்தில் படிக்காதீர்கள். பல வாக்கியங்கள் எதிர்மறையாக இருக்கின்றன: ‘தொலைபேசி எண்களை நினைவில் வைப்பதில் நான் கெட்டிக்காரன் இல்லை’ என்பது போல. அதை ‘மறுக்கிறேன்’ என்று குறிக்கும்போது இரண்டு ‘இல்லை’ சேர்ந்து தலை சுற்றும். சொல்லைச் சொல்லாக எடுத்துக்கொள்பவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் வாக்கியத்தை நேர்மறையாகத் தாளில் எழுதி, ‘எனக்கு இது உண்டா’ என்று தீர்மானித்துவிட்டு, பிறகு விடையைத் திருப்பிக் குறியுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர் தானே நிரப்பாமல், நம்பிக்கையான ஒருவர் வாசித்து விளக்க, வாயால் பதில் சொல்வது நல்லது.

கடைசியில் பணம் கட்டச் சொல்லி ‘ஆட்டிசம் சான்றிதழ்’ தரும் இணையதளங்களும் உண்டு. அந்தத் தாளுக்கு இந்தியாவில் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. மூல வடிவில் மூன்று தாள்களும் இலவசமாகவே கிடைக்கும்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

மருத்துவர் கடைப்பிடிக்கும் அளவுகோல் இந்த எண்கள் எதுவும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடாக 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 கேட்பது இது: சமூக உறவில் கொடுக்கல் வாங்கல், சொல்லில்லாத் தொடர்பு, உறவுகளை உருவாக்கிக் காப்பது ஆகிய மூன்றிலும் சிரமம் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, மாற்றம் தாங்காத பிடிவாதம், ஆழ்ந்த குறுகிய ஈடுபாடு, உணர்புலன் மிகை அல்லது குறை ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வாழ்க்கையின் கோரிக்கைகள் கூடும்வரை அது வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இன்று தெரியாவிட்டாலும் முன்பு இருந்தது என்ற வரலாறும் கணக்கில் வரும். ஏ.டி.எச்.டி.யும் ஆட்டிசமும் ஒருவருக்கே இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டதும் இந்தப் பதிப்புதான். உங்கள் நோட்டை இந்த வரிசைக்கு ஏற்ப அடுக்கிக் கொடுத்தால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடியும்.

சிறுவயது வரலாறுக்கு அம்மாவிடமோ, வளர்த்த பாட்டியிடமோ போக வேண்டும். ‘சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்’ என்று கேட்டால் ‘தங்கமான பிள்ளை, தொந்தரவே கிடையாது’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சம்பவமாகக் கேளுங்கள். “அம்மா, நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவியே, நான் நிலாவைப் பாத்தேனா, உன் விரலைப் பாத்தேனா?” “நாய், பஸ் எதையாவது நானே கை நீட்டிக் காட்டி ‘அங்க பாரு’ன்னு உன்னைக் கூப்பிட்டேனா?” “பேச்சு எப்ப வந்துச்சு? வந்து நின்னுபோச்சா?” “மத்த பிள்ளைங்க சொப்பு வெச்சு விளையாடுறப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?” “எதை மாத்தினா ரொம்ப அழுவேன்?” பதிலை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியர் எழுதிய ஒற்றை வரிக் குறிப்புகளும் பழைய வீடியோக்களும் இதே அளவுக்கு உதவும். ஆட்டிசம் என்ற சொல்லையே அம்மாவிடம் சொல்லாமலும் இதைக் கேட்க முடியும். தன் வளர்ப்பில் குறையோ என்று அவர் பதறாமல் இருக்க அது சில வீடுகளில் தேவைப்படும்.

மருத்துவமனைக்கு நேரம் வாங்கும் முன் தொலைபேசியிலேயே கேட்க வேண்டியவை: பெரியவர்களுக்கு ஆட்டிச மதிப்பீடு செய்கிறீர்களா (பல மையங்கள் குழந்தைகளுக்கு மட்டும்தான்), எத்தனை அமர்வு, மொத்தக் கட்டணம் எவ்வளவு, பேட்டி தமிழில் நடக்குமா, வீட்டார் யாராவது வர வேண்டுமா, எழுத்தில் அறிக்கை தருவீர்களா. நன்றாகப் பேசும் பெரியவர்களுக்கு ஏடாஸ்-2 என்ற நேரடிக் கவனிப்பின் நான்காம் பகுதி 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எடுக்கும். பெற்றோரிடம் நடத்தும் ஏ.டி.ஐ.-ஆர் 93 கேள்விகள் கொண்டது, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இவை இரண்டும் எல்லா இடத்திலும் கிடைக்காது. அனுபவமுள்ள மருத்துவர் இவை இல்லாமலும் விரிவான பேட்டியில் முடிவுக்கு வரலாம். ஆனால் பத்து நிமிடம் பேசி, ‘கண்ணைப் பார்த்துப் பேசுறீங்களே, உங்களுக்கு இல்ல’ என்று முடித்தால் அது மதிப்பீடு இல்லை. வேறொருவரிடம் போங்கள்.

அரசுச் சான்றிதழுக்கு அளவுகோல் வேறு. செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2009-இல் உருவாக்கிய ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலை மத்திய அரசு 2016-இல் அறிவிக்கை செய்தது. ஆறு பகுதிகளில் 40 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 40 முதல் 200. 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். ஓர் அம்சம் எவ்வளவு அடிக்கடி வெளியே தெரிகிறது என்பதற்கே இதில் மதிப்பெண். ஆண்டுக்கணக்கில் மறைத்துப் பழகிய பெரியவர் அந்த அறையிலும் மறைத்தால் 70-ஐத் தொடமாட்டார். முந்தைய மருத்துவரின் விரிவான அறிக்கையையும், வீட்டில் உங்களை முகமூடி இல்லாமல் பார்க்கிற ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போவது இதனால்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழில் இருக்க வேண்டும். அந்த அளவு வராவிட்டாலும் மருத்துவர் கொடுத்த டயக்னோசிஸ் செல்லாமல் போவதில்லை. அலுவலகத்தில் ஜன்னலோர இருக்கை, காதில் ஹெட்ஃபோன், வாய்வழி உத்தரவுக்குப் பதில் மின்னஞ்சல் என்று கேட்பதற்குப் பல இடங்களில் அந்த அறிக்கையே போதும். ஆகவே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உங்களுக்குத் தேவையான மாற்றங்களைப் பெயர் சொல்லி எழுதித் தரும்படி மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.